சுவருக்கு அந்தப் பக்கம் பேசிய கம்ப்யூட்டர்

தம்பி,

நீ நலமா என்று கேட்கிற வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நேற்று போனில் நீ நலம் என்று சொல்லிவிட்டாய். நான் நலமாக இல்லை என்பதையும் நீயே முடிவு செய்துவிட்டாய். "அம்மா, சனிக்கிழமை கார் எடுத்துட்டு வாரேன், துணிமணிய எடுத்து வை, இனிமே உன்னத் தனியா விட முடியாது" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் போனையும் வைத்துவிட்டாய். அப்போதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். படுத்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் படுக்கத் தோன்றுகிறது. மேற்கிலிருந்து வருகிற இந்தக் கச்சான் காற்று வேறு காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறது. கொக்கி போட்ட ஜன்னல்கூடக் கிடந்து அடித்துக்கொள்கிறது. நானும் அந்த ஜன்னலும் ஒரே மாதிரிதான் இருக்கிறோம்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், உன் அப்பாவைப் போல. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். இதை நான் மறைத்து எழுதவும் இல்லை. உன் மனைவி பெனிட்டா படிக்கட்டும், பக்கத்து வீட்டு ரோஸ்லினுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன், நீ உன் ஆபீசில் யாருக்குக் காட்டினாலும் சரி. என் அந்தரங்கம் ஏற்கெனவே ஊர் பார்க்கப் போய்வந்துவிட்டது. அது எப்படிப் போனது என்பது உனக்கு இன்னும் பாதிதான் தெரியும். முழுவதையும் கேட்டுவிட்டு, காரை எடுப்பதா வேண்டாமா என்று சொல்.

என் கண் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஒரு குழலுக்குள் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் தெரிகிறது. சாப்பாட்டுத் தட்டு தெரியும், பக்கத்தில் இருக்கிற தண்ணீர் டம்ளர் தெரியாது. ஆனால் விரல்களுக்குக் கண் வேண்டாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு விசைகளின் மேல் துணியை மூடி அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், எனக்கா தெரியாது. அதனால்தான் நீ அந்தத் திரை வாசிக்கிற புரோகிராமைப் போட்டுக் கொடுத்ததும் எனக்கு உயிர் வந்தது. நான் அடிக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் அந்தப் பெண்குரல் திருப்பிச் சொல்லும். செய்தி வாசிக்கும், பைபிளில் சங்கீதம் வாசிக்கும், மின்சாரக் கட்டணம் கட்டச் சொல்லும். அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. "ஏளா, திரும்பச் சொல்லு" என்று கூப்பிடுவேன், ஒரு விசையைத் தட்டினால் திரும்பச் சொல்வாள். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசிய குரல் அதுதான். அதனால் கம்ப்யூட்டரில் எந்த சிஸ்டம் இருக்கிறது என்பது உனக்கு ஒரு வசதி, எனக்கோ அதுதான் நான் இந்த வீட்டில் இருக்கலாமா கூடாதா என்பது.

உன் கல்யாணம் முடிந்து நீங்கள் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று நடந்ததை நினைத்துப் பார். பெட்டியெல்லாம் கட்டி வாசலில் இருக்கிறது. பெனிட்டாவின் சாத்தான்குளத்து ஆட்கள் வழியனுப்ப வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீயோ என் மேஜைக்கு முன் உட்கார்ந்து மும்முரமாக எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாய். "இந்த விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு வராதும்மா. புதுசு இந்தப் பழைய மெஷின்ல ஏறாது. லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுட்டேன், இனி ஒரு தொந்தரவும் இருக்காது. நடுவுல அப்டேட்டுன்னு நிக்காது, சத்தமும் கரகரன்னு வராது" என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. பழையது சங்கீதத்தின் பாதியில் நின்று, கொஞ்சம் பொறுங்கள் என்று என்னை உட்காரவைத்த நாட்கள் உண்டு. குரலும் தொண்டை கட்டினாற்போல் வரும். நீ போட்டுக்காட்டியபோது புதுசில் அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. என் பழைய தட்டச்சு விசை வரிசையைக்கூட நீ மறக்காமல் வைத்திருந்தாய். மெஷினைப் போட்டதும் எழுதுகிற பக்கம் தானாகத் திறக்கும்படி செய்திருந்தாய். "இங்கருந்து எதுவும் ஆனா நான் அங்கருந்தே உன் மெஷினப் பாத்துக்கிடுவேன்" என்றும் சொன்னாய். எல்லாம் அன்பினால் செய்தது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நானும் சரி சரி என்று தலையை ஆட்டினேன். நீ போகிற சமயத்தில் உன்னிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை மெஷினைப் போட்டேன். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவள் பேசவில்லை. பழையது எழுந்ததும் ஒரு சின்ன இசை போடும், அப்பாடா வந்துவிட்டது என்று தெரியும். இது வந்ததா, வரவில்லையா, பாதி வழியில் நிற்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஸ்பீக்கரைத் திருகினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன். நம் ஊர் உப்புக்காற்றில் எந்தப் பின்னைத் தொட்டாலும் துருதான், அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ரோஸ்லினைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியுமே, நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் புருஷன் தோணியில் மாலத்தீவு போயிருந்தான். வேலையைப் போட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். "படம் நல்லா வந்திருக்கு அக்கா. மலையும் ஆறுமா அழகா இருக்கு. வெள்ளையா ஒரு பக்கம் திறந்து கெடக்கு" என்றாள். படம் வந்து எனக்கு என்ன செய்ய என்றேன். அவளும் ஸ்பீக்கரை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

உன்னிடம் உடனே சொல்லியிருக்கலாம். புதுப் பெண்டாட்டியோடு போய் இறங்கின வீட்டில் பாத்திரம் அடுக்கக்கூட நேரம் இருந்திருக்காது, அதற்குள் அம்மா போன் போட்டுப் புலம்புகிறாள் என்று ஆகவேண்டாம் என நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. அம்மாவால் மெஷினைக்கூடச் சமாளிக்க முடியவில்லை என்றால், நீ அடுத்து என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் போனில் நீ கேட்டபோதெல்லாம் நன்றாகப் பேசுகிறாள் என்று சொல்லிவைத்தேன். அவள் பேசாவிட்டாலும் எழுதுகிற பக்கம் திறந்துதானே இருக்கிறது என்று, காலையில் வழக்கம்போல் உட்கார்ந்து ஜெபத்தை அடித்தேன். ஆமாம், உனக்கு இது தெரியாது. நான் ஜெபத்தை அடிப்பேன். வாயால் சொன்னால் நடுவில் மத்தியானக் குழம்புக்குப் புளி இருக்கிறதா என்று மனசு போய்விடும். விரலால் அடித்தால் போகாது. இத்தனை நாளும் அவள் அதைத் திருப்பிச் சொல்வாள், இப்போது சொல்லாமல் இருந்தாள். கர்த்தருக்குக் கேட்டால் போதும் என்று அடித்தேன்.

அந்த ஜெபத்தில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீ கேள்விப்பட்டதுதான். கியாஸ் திருகைத் திறந்துவிட்டு, தீ பற்றிக்கொண்டது என்று நினைத்து, பற்றாமலே பால் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் ஓடிப்போய் மூடினேன். கொல்லைப்படியில் கால் தவறி விழுந்து இடுப்பில் ரத்தம் கட்டியிருக்கிறது. கர்த்தாவே, எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் இது என் மகனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், பெனிட்டாவுக்கு ஆரம்பத்திலேயே என்னைச் சுமக்கிற பாரம் வேண்டாம், ஆமென். இதையே ஒவ்வொரு நாள் காலையும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நீ பேசினாய். எடுத்த எடுப்பில், "கியாஸ் விஷயம் என்னம்மா? இடுப்பு எப்படி இருக்கு?" என்றாய். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொன்னா என்ன, உண்மையா இல்லையா?" என்றாய். ஒரு மனுஷப் பிறவியிடம் நான் இதைச் சொல்லவில்லை. கர்த்தரிடம் மட்டும் சொன்னேன். அவர் உனக்குப் போன் போட்டிருக்க மாட்டார். அப்படியென்றால் மிச்சமிருப்பது அந்த மெஷின். அங்கிருந்தே பார்த்துக்கொள்வேன் என்று நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. என் மகன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, நான் மண்டிபோடாத குறையாக அடிக்கிற ஜெபத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். மூக்குக்கு மேல் கோபம். போய் இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன், கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கினேன், மேஜையின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். அன்றைக்கு முழுக்க உன்னை எவ்வளவு திட்டியிருப்பேன் என்று கேட்காதே. பெற்ற பிள்ளையை வேவுகாரன் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி சோறு தின்றுவிட முடியாது. நானும் தின்னவில்லை.

சாயங்காலம் ரோஸ்லின் வந்தாள். வழக்கமாக வாசலிலேயே பேச்சை ஆரம்பிப்பவள், அன்றைக்கு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம், "இன்னைக்கு செபம் பண்ணலையா அக்கா?" என்றாள்.

"நான் ஜெபம் பண்ணுதது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் எங்க வீட்டுலதான பண்ணுதிய" என்றாள்.

என்னளா சொல்லுத என்று கையைப் பிடித்தேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "எம் மக கோயில்ல மொத மொத நற்கருணை வாங்குத புதுநன்மை விருந்துக்குன்னு ஒங்க மவன் ஒரு ஸ்பீக்கர் குடுத்துட்டுப் போனாம்லா, கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டது, வயரில்லாதது. அத பிரிட்ஜ் மேல வச்சிருக்கேன். காலைல பாட்டுக் கேக்கலாம்னு அமுக்குனா, என் போன சேக்க மாட்டேங்கு. அதுக்குள்ள இருந்து ஒரு பொம்பள பேசுதா. ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்தி நிறுத்தி. மொத நாள் நான் முட்டிபோட்டுட்டேன் அக்கா. மாதாதான் பேசுதாவளோன்னு நெனச்சேன். ஆனா கர்த்தாவே கர்த்தாவேன்னு வருது. மாதா கோவிலுக்குப் போற நாங்க ஆண்டவரேன்னுதான சொல்லுவோம். முடியுத வரைக்கும் பாத்தேன், ஒரு அருள் நிறைந்த மரியே வரல. அப்பதான் இது ஒங்க ஆளுவ செபம்லான்னு தெரிஞ்சது. பெறவு பெனிட்டா பேரு வந்தது."

அவள் அதோடு விடவில்லை. "ஒருத்தர் சாமியார்கிட்டச் சொல்லுத பாவசங்கீர்த்தனத்த ஒட்டுக்கேட்ட மாதிரி ஆயிட்டு. ஒங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்ல? கியாஸுன்னு வந்ததும் எனக்கு ஒறக்கம் இல்ல. ஒரே செவரு அக்கா. அதான் தம்பிக்கு போன் போட்டேன். எப்படித் தெரியும்னு கேட்டான், சொல்லல. என் மேல கோவமா?"

கோபம்தான் என்றேன். அவள் மேல் இல்லை என்றும் சொன்னேன். பிறகு எனக்கு அதைச் சோதித்துப் பார்க்காமல் பொறுக்கவில்லை. போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்கு மறுபடி வயரைச் செருகினேன். ரோஸ்லினை அவள் வீட்டுக்குப் போய் ஸ்பீக்கரைச் சத்தம் முழுக்கக் கூட்டிப் போடச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, அவள் பெயரை அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், பிரிட்ஜின் உயரத்தில் இருந்து, என் பழைய ஏளா, அதே தெளிவான குரலில், "ரோஸ்லின்" என்றாள். அவள் இத்தனை நாளும் ஊமையாகவே இல்லை, தம்பி. நான் அடித்ததில் ஒரு வார்த்தை விடாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பக்கத்து வீட்டில். நீ கிளம்புகிற அன்று புதுசைப் போட்டுக்காட்ட, கல்யாணப் பாட்டுப் போட்ட அந்த ஸ்பீக்கரை இந்த மெஷினோடு சேர்த்துவிட்டு, பிரிக்காமல் அங்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் சுவரில் நெற்றியை வைத்துச் சிரித்தேன். அந்தப் பக்கம் ரோஸ்லினும் சிரிக்கிற சத்தம் கேட்டது. உன்னை வேவுகாரன் என்று நினைத்ததற்கு அப்போதே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன், இப்போது எழுத்திலும் கேட்கிறேன்.

இனி உனக்குத் தெரியாத பாதி. நான் பெனிட்டாவைக் கூப்பிட்டேன். உன்னைக் கூப்பிடவில்லை. நீயென்றால், இரும்மா என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே என் மெஷினுக்குள் புகுந்து, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, முடிந்தது என்பாய். எனக்கு ஒன்றும் தெரியாமலே முடிந்திருக்கும். அந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. "அத்தை, எனக்கும் இது புதுசு. ஒரு நாள் குடுங்க" என்றாள். என்னிடம் இருக்கிற அதே லினக்ஸைத் தன் லேப்டாப்பில் போட்டு, துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு, காதால் மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நீ அதைப் பார்த்துக் கிண்டல் செய்தாயாம். மறுநாள் ரோஸ்லின் அந்த ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள், மெஷினுக்கு என் வீட்டில் பேச்சு வந்தது. பெனிட்டா போனில், "அத்தை, இப்ப உங்க விரல் எங்க இருக்கு? அவ என்ன சொல்லுதா?" என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு போனாள். சத்தம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று நானே தேர்ந்தெடுத்தேன். நானே திரும்பப் போய்த் தேர்ந்தெடுத்தும் பார்த்தேன். இப்போது ஒரு விசையைத் தட்டினால் குரல் வயர் ஸ்பீக்கருக்குப் போகும், இன்னொன்றைத் தட்டினால் ரோஸ்லின் வீட்டுப் பிரிட்ஜுக்குப் போகும். அந்த ஸ்பீக்கர் மறுபடி அங்கேதான் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுத் தருவதாகச் சொன்னாய். வேண்டாம். இதைத் தொடாதே. எது நல்ல சிஸ்டம் என்று நீயும் உன் சிநேகிதர்களும் மணிக்கணக்காகச் சண்டை போடுவீர்கள், நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வேகம், பாதுகாப்பு, பாட்டு எவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது, எல்லாம் பேசுவீர்கள். அது கெட்டுப்போன அன்றைக்கு அதற்கு முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. வீட்டுக்கு ஒரு சிஸ்டம் தேர்ந்தெடுக்கிறபோது அதை முதலில் பார். அது நின்றுபோனால் அந்த ஆள் தானே மீட்க முடியுமா, மீட்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தாயா என்று பார். புதுசை ஏற்றினால் பழையதைக் கொஞ்ச நாள் பக்கத்திலேயே வைத்திரு. ரயிலுக்குப் பெட்டி கட்டிவிட்டு எதையும் மாற்றாதே. இதைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சொல்லவில்லை. உனக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது, அதில் இன்னொருத்தி இருக்கிறாள். அவளுக்கு நல்லது என்று நீயாக முடிவுகட்டி, அவள் ஊரில் இல்லாத நேரத்தில் அடுப்படியை மாற்றி அடுக்கிவைக்காதே. உன் அப்பா ஒருமுறை செய்தார். உப்பு ஜாடியைத் தேடியே எனக்கு ஒரு வாரம் போனது.

பெனிட்டாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. மெஷின் எழுந்ததும் ஒரு சத்தம் போட வேண்டும். பாட்டு வேண்டாம், இசை வேண்டாம், நான் உயிரோடு இருக்கிறேன் என்று அது சொன்னால் போதும். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன், அந்தச் சத்தம் இல்லாமல் இருட்டில் காத்திருக்க மட்டும் என்னால் முடியாது என்றேன். அவள் அதைச் செய்து கொடுத்தாள். இப்போது காலையில் போட்டதும், "வந்துட்டேன்" என்கிறது. அதைக் கேட்டுச் சந்தோஷமாக இருந்தபோதுதான் பெனிட்டா மெதுவாகச் சொன்னாள். "அத்தை, அவுகளும் உங்ககிட்ட இதத்தான கேக்காக."

எனக்குச் சுருக்கென்றது. நீ தினமும் கேட்கிறாய், நான் தினமும் நன்றாயிருக்கிறேன் என்கிறேன். மலையும் ஆறுமாகப் படத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே பேசாமல் நின்ற மெஷினுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீ அங்கே என்ன பாடுபட்டிருப்பாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பாவமாக இருந்தது, ஐயா.

அதனால் நான் செய்திருப்பதைக் கேள். கியாஸை அடுப்படியை விட்டு எடுத்தாகிவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு வந்திருக்கிறது, பாத்திரத்தை எடுத்தால் கத்துகிறது, எடுக்க மறந்தாலும் கத்துகிறது, பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு ஏற்ற ஜோடிதான். கொல்லைப்படிக்கு ஒரு பைப்பைக் கைப்பிடியாக அடித்தாயிற்று. காலையில் மெஷினைப் போட்டதும், ரோஸ்லின் பக்கத்து விசையைத் தட்டி, ஒரே ஒரு வார்த்தை அடிக்கிறேன்: "எந்திச்சிட்டேன்." பிரிட்ஜ் மேலிருந்து அது கேட்கும். அவள் தோசைக் கரண்டியால் சுவரில் ஒரு தட்டு தட்டுவாள். மாதா கோவில் காலை மணி அடித்தும் அந்த வார்த்தை வரவில்லை என்றால், என் வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறது, திறந்துகொண்டு வந்துவிடுவாள், உனக்கும் சொல்லிவிடுவாள். இதை அவளிடம் நான்தான் கேட்டேன். கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது, கேட்டேன். வார்த்தையை அடித்தபின் மறுபடி விசையை மாற்றிவிட்டுத்தான் ஜெபத்துக்குப் போகிறேன். முதல் நாள் மாற்ற மறந்து பாதி ஜெபம் அங்கே போய்விட்டது. ரோஸ்லின் கூடவே ஆமென் சொன்னாளாம்.

இந்தக் கடிதத்தை எழுதுகிறபோதே எத்தனை தடவை எழுந்து போய் வந்தேன் என்று கணக்கில்லை. ஜன்னல் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் மறுபடி பொய் சொல்கிறவள் ஆவேன். அந்தக் குழலும் ஒருநாள் அடைத்துக்கொள்ளும். அப்போது சாப்பாட்டுத் தட்டும் தெரியாது. என் ஏளா பேசி, நான் பதிலுக்கு அடிக்க முடியாமல் போகிற நாள் வந்தால், நானே உன்னைக் கூப்பிட்டுக் காரை எடு என்று சொல்வேன். நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. அந்த நாள் இந்தச் சனிக்கிழமை இல்லை. இந்த வீட்டில் எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நேரம் தெரியும். உப்பு லாரி தெருமுனையில் திரும்புகிற சத்தம் தெரியும். உங்கள் பன்னிரண்டாவது மாடியில் எனக்குக் காதும் போய்விடும் என்று பயப்படுகிறேன். இதுதான் நான் போனில் உன்னிடம் சொல்லாமல் விழுங்கியது.

சனிக்கிழமை வா. வராதே என்று எந்த அம்மா சொல்வாள்? பெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு வா, மீன் வாங்கிவைக்க ரோஸ்லினிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் துணிமணியை நான் எடுத்துவைக்கவில்லை. வந்ததும் இந்த நாற்காலியில் உட்கார், பெனிட்டாவின் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொள், மெஷினைப் போட்டு எனக்கு ஒரு வரி எழுதிக் காட்டு. அதன் பிறகும் என்னைக் கூட்டிப் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், உட்கார்ந்து பேசுவோம். நீ என்ன சொல்வாயோ என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் என்னை இப்படி நடக்கவைக்கிறது.

இன்று காலை ஜெபத்தில் உன்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அது ரோஸ்லின் வீட்டில் கேட்டிருக்காது, என் ஸ்பீக்கரிலும் வரவில்லை. சத்தத்தை நானே அணைத்துவிட்டுத்தான் அடித்தேன்.

அம்மா